ஒரு முறை இறக்குங்கள், எல்லாக் கணினிக்கும் கொடுங்கள்: மெதுவான நெட்டில் கேம் அப்டேட் பகிர 25 குறிப்புகள்

வீட்டில் இரண்டு கணினி இருக்கிறது. நெட் இணைப்பு ஒன்றுதான், அதுவும் மெதுவானது. இந்த நிலையில் பெரிய கேம் ஒன்றுக்கு அப்டேட் வந்துவிட்டால் வீடே திணறிப்போகும். அண்ணன் கணினியில் ஒரு தடவை, தங்கை கணினியில் ஒரு தடவை என்று ஒரே ஃபைல்கள் இரண்டு முறை இறங்கும். அப்பாவின் வீடியோ கால் பாதியில் நிற்கும். மாத டேட்டா பத்தே நாளில் தீரும். சரி, ஒருவர் மட்டும் அப்டேட் செய்துகொள்ளலாம் என்றால் அதிலும் சிக்கல். ஒருவரிடம் புதிய பதிப்பும் இன்னொருவரிடம் பழைய பதிப்பும் இருந்தால் பெரும்பாலான ஆன்லைன் கேம்களில் இருவரும் சேர்ந்து ஆட முடியாது.

வேகமான நெட் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கணினியில் இறங்கிய அப்டேட்டை மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோகப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் பலவும் செலவில்லாதவை. வீடு, ஹாஸ்டல், நண்பர்கள் சேர்ந்து தங்கும் அறை என எல்லா இடத்துக்கும் பொருந்தும் குறிப்புகள் இங்கே.

முதலில் கணக்கும் திட்டமும்

1. பிட் வேறு, பைட் வேறு. நெட் திட்டத்தில் சொல்லப்படும் எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. கேமின் அளவோ பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 8 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 1 எம்பிதான் இறங்கும். 40 ஜிபி இறங்க 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை நம்பினால் அதற்கே 20 நாள் வேண்டும். இத்தனைக்கும் 40 ஜிபி என்பது இன்றைக்குப் பெரிய அளவே இல்லை. கவுன்டர்-ஸ்டிரைக் 2 கேட்கும் இடம் 85 ஜிபி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்பது 150 ஜிபி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டவுன்லோடு பட்டனைத் தொடுங்கள்.

2. வீட்டுக்குள் இருக்கும் வேகத்தைப் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து வரும் நெட் எவ்வளவு மெதுவாக இருந்தாலும், வீட்டுக்குள் இரண்டு கணினிகளுக்கு இடையே ஃபைல் போகும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ரவுட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் நொடிக்குச் சுமார் 11 எம்பி போகும். 40 ஜிபி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கிகாபிட் போர்ட்டாக இருந்து, இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தால் அதே 40 ஜிபி ஆறேழு நிமிட வேலை. இந்தக் கட்டுரையின் சாரமே இதுதான். வெளியிலிருந்து ஒரு முறை மட்டும் இறக்க வேண்டும், மற்றதெல்லாம் வீட்டுக்குள் நடக்க வேண்டும்.

3. ஒரு கணினியைத் தலைமைக் கணினி ஆக்குங்கள். டிஸ்க்கில் இடம் அதிகமுள்ள, ரவுட்டரோடு கேபிளில் இணைந்த கணினி இதற்குப் பொருத்தம். அப்டேட்கள் எப்போதும் அதில்தான் முதலில் இறங்க வேண்டும். மற்றக் கணினிகளில், கேம்களை வாங்கி இறக்க உதவும் ஸ்டீம் மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு கேமின் மேலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் உள்ள அப்டேட்ஸ் பகுதிக்குப் போங்கள். கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்ற தேர்வு அங்கே இருக்கும். அதை வைத்துவிட்டால் நமக்குத் தெரியாமல் டவுன்லோடு தொடங்காது.

4. இரவில் இறக்குங்கள். ஸ்டீமின் டவுன்லோட்ஸ் செட்டிங்கில், ஆட்டோ அப்டேட் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை நடக்கலாம் என்று குறித்து வைக்க முடியும். நள்ளிரவு முதல் விடிகாலைவரை என்று வைத்தால் பகலில் யாருக்கும் தொந்தரவு இல்லை. உங்கள் நெட் திட்டத்தில் இரவுக்குத் தனி டேட்டா ஒதுக்கியிருந்தால் அதையும் இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம். கணினி ஸ்லீப்புக்குப் போய்விட்டால் டவுன்லோடும் நின்றுவிடும். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்தி, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுங்கள்.

5. பகலில் இறக்கியே ஆக வேண்டுமா? வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். அதே டவுன்லோட்ஸ் செட்டிங்கில் வேக வரம்பும் இருக்கிறது. உங்கள் இணைப்பின் முழு வேகத்தில் முக்கால் பங்கை மட்டும் ஸ்டீமுக்குக் கொடுங்கள். இணைப்பு முழுவதையும் ஒரே டவுன்லோடு பிடித்துக்கொள்ளும்போதுதான் மற்றவர்களின் வீடியோ கால் திக்கித் திணறும். கொஞ்சம் இடம் விட்டுவைத்தால் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் நடக்கும், அப்டேட்டும் இறங்கும்.

ஒரே வைஃபையில் இருக்கும் கணினிகளுக்கு

6. ஸ்டீமிலேயே வசதி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஸ்டீம் ஒரு நல்ல வசதியைக் கொண்டுவந்தது. ஒரே லோக்கல் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு கேமையும் அதன் அப்டேட்டையும் நேரடியாக அனுப்பலாம். இரண்டு கணினியிலும் ஸ்டீம் திறந்து, லாக்இன் ஆகியிருக்க வேண்டும். டவுன்லோட்ஸ் செட்டிங்கில் லோக்கல் நெட்வொர்க் வழியாக கேம் ஃபைல் அனுப்பும் தேர்வைத் திறந்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கணக்குக்கு மட்டும், ஸ்டீம் நண்பர்களுக்கு, யாருக்கு வேண்டுமானாலும் என்று மூன்று அனுமதிகள் இருக்கும். அண்ணனும் தங்கையும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால் ஒருவரையொருவர் ஸ்டீம் நண்பராகச் சேர்த்துக்கொண்டு, நண்பர்கள் என்ற தேர்வை வையுங்கள். பிறகு இரண்டாவது கணினியில் வழக்கம்போல அப்டேட் பட்டனை அழுத்தினால் போதும். பக்கத்துக் கணினியில் ஃபைல் இருப்பதை ஸ்டீமே கண்டுபிடித்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

7. எடுத்துக்கொள்ளவில்லையா? இவற்றைப் பாருங்கள். தலைமைக் கணினியில் அப்டேட் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் அப்டேட்டை அது கொடுக்காது. அனுப்பும் நேரத்தில் அந்தக் கணினியில் கேம் ஆடாமல் இருப்பது நல்லது. விண்டோஸில் உங்கள் வைஃபை பப்ளிக் என்று பதிவாகியிருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள். ஒரு கணினி கெஸ்ட் வைஃபையில் இருந்தால் மற்றொன்று அதன் கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் ஒரே வைஃபைக்குக் கொண்டுவாருங்கள். டவுன்லோடு தொடங்கிய முதல் நிமிடத்தில் வேகத்தைக் கவனியுங்கள். நெட்டின் வழக்கமான வேகமே காட்டினால் அது வெளியிலிருந்துதான் இறங்குகிறது. உடனே பாஸ் செய்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

8. முடிந்தால் கேபிளில் போடுங்கள். இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு ஃபைலும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. முதலில் ஒரு கணினியிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து அடுத்த கணினிக்கு. வேகம் பாதியாகிவிடும். ஒரு கணினியை மட்டுமாவது லேன் கேபிளில் இணைத்தால் வித்தியாசம் தெரியும். கேபிள் வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். எட்டுக் கம்பிக்குப் பதிலாக நான்கு கம்பி மட்டும் இணைத்த கேபிளில் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட முடியாது.

9. ரவுட்டர் இல்லாமலும் நடக்கும். ஹாஸ்டல் அறையில் ரவுட்டர் இல்லையென்றால் இரண்டு லேப்டாப்பையும் ஒரே லேன் கேபிளால் நேரடியாக இணையுங்கள். இப்போதைய லேப்டாப்களுக்குச் சாதாரணக் கேபிளே போதும். இணைத்துச் சற்று நேரத்தில் இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு கேம் ஃபோல்டரை ஷேர் செய்து, அடுத்த லேப்டாப்பில் திறந்து காப்பி செய்யலாம். ஷேர் செய்யும்போது படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் ஷேரை எடுத்துவிடுங்கள்.

10. ஃபோன் ஹாட்ஸ்பாட்டும் உதவும். இரண்டு லேப்டாப்பையும் ஒரே ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், அவற்றுக்கு இடையே போகும் ஃபைல்கள் ஃபோன் வழியாகவே போய்விடும். உங்கள் மொபைல் டேட்டா அதற்குச் செலவாகாது. சில ஃபோன்கள் இணைந்திருக்கும் கருவிகளை ஒன்றுக்கொன்று பேச விடாது. அப்படியானால் ஒரு லேப்டாப்பிலேயே விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து மற்றொன்றை அதில் சேருங்கள். ஹாட்ஸ்பாட் இணைப்பை விண்டோஸ் செட்டிங்கில் மீட்டர்டு என்று குறிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இதுதான் சமயம் என்று விண்டோஸ் அப்டேட் உங்கள் டேட்டாவை இழுத்துக்கொண்டிருக்கும்.

பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் வழியாக

11. பென்டிரைவின் ஃபார்மேட்டைப் பாருங்கள். இடம் நிறைய இருந்தும் ஃபைல் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பல பென்டிரைவ்கள் எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட்டில் வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேல் பெரிதான ஒற்றை ஃபைல் ஏறாது. கேம்களிலோ அதைவிடப் பெரிய ஃபைல்கள் சாதாரணம். பென்டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் கணினிகளுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் போதும். மேக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்.

12. நீல நிறப் போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரைதான் போகும். யுஎஸ்பி 3.0 போர்ட் அதைவிடப் பல மடங்கு வேகம். பல கணினிகளில் அதன் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும். விலை குறைந்த பென்டிரைவ்கள் எந்தப் போர்ட்டில் செருகினாலும் மெதுவாகத்தான் எழுதும். அடிக்கடி கேம் மாற்றுகிறவர்கள் ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி வாங்கி நாலு பேர் பகிர்ந்துகொண்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

13. ஸ்டீம் கேமைக் கையால் மாற்றும் முறை. இதைப் பொறுமையாக ஒரு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். கவுன்டர்-ஸ்டிரைக் 2 கேமை எடுத்துக்கொள்வோம். தலைமைக் கணினியில் அப்டேட் முடிந்ததும் ஸ்டீம் மெனுவில் எக்ஸிட் கொடுத்து வெளியேறுங்கள். மேலே உள்ள எக்ஸ் குறியை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், ஸ்டீம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு ஸ்டீம் நிறுவிய இடத்தில் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டரைத் திறங்கள். அதற்குள் காமன் என்ற ஃபோல்டரில் கேம்கள் இருக்கும். இந்த கேமின் ஃபோல்டர் இன்னும் கவுன்டர்-ஸ்டிரைக் குளோபல் அஃபென்சிவ் என்ற பழைய பெயரிலேயே இருக்கும். தேடித் திகைக்க வேண்டாம். அதை முழுவதுமாக டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரிலேயே ஆப்மேனிஃபெஸ்ட் என்று தொடங்கி, ஒரு எண்ணும் ஏசிஎஃப் என்ற முடிவும் கொண்ட சிறிய ஃபைல்கள் இருக்கும். அந்த எண்தான் கேமின் அடையாளம். கவுன்டர்-ஸ்டிரைக் 2-க்கு 730. ஸ்டீம் கடையில் கேமின் பக்கத்தைத் திறந்தால் முகவரியிலேயே எண் தெரியும். 730 எண்ணுள்ள ஃபைலையும் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்று ஸ்டீமுக்குச் சொல்வது இந்தச் சின்ன ஃபைல்தான். இரண்டாவது கணினியிலும் ஸ்டீமை எக்ஸிட் செய்துவிட்டு, கேம் ஃபோல்டரை காமனுக்குள்ளும், ஏசிஎஃப் ஃபைலை ஸ்டீம்ஆப்ஸுக்குள்ளும் பேஸ்ட் செய்யுங்கள். ஸ்டீமைத் திறந்தால் கேம் தயாராக இருக்கும்.

14. ஏசிஎஃப் ஃபைலை எடுக்க மறந்துவிட்டால்? பயப்பட வேண்டாம். கேம் ஃபோல்டரை மட்டும் காமனுக்குள் சரியான பெயரில் வைத்துவிட்டு, ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுங்கள். ஃபோல்டர் எந்த டிரைவில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஃபைல்கள் இருப்பதை ஸ்டீம் கண்டுகொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். குறைவதை மட்டும் இறக்கும். சரிபார்க்கும் நேரத்தில் அவசரப்பட்டு கேன்சல் செய்யாதீர்கள்.

15. பாதி இறங்கிய அப்டேட்டை முதலில் நீக்குங்கள். இரண்டாவது கணினியில் அப்டேட் கொஞ்சம் இறங்கி நின்றிருந்தால், அது ஸ்டீம்ஆப்ஸுக்குள் டவுன்லோடிங் என்ற ஃபோல்டரில் கேம் எண்ணோடு இருக்கும். ஸ்டீமை மூடிவிட்டு அந்த எண்ணுள்ள ஃபோல்டரை நீக்கிய பிறகே புதிய ஃபைல்களைப் பேஸ்ட் செய்யுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் கேம் திறக்கும்போது தகராறு செய்யும்.

16. சேவ் ஃபைல்களைப் பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலான கேம்கள் நீங்கள் ஆடிய நிலையை டாக்குமெண்ட்ஸ் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டரில் வைக்கின்றன. பலவற்றுக்கு ஸ்டீம் கிளவுடும் உண்டு. ஆனால் சில கேம்கள் தங்கள் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அண்ணனின் ஃபோல்டரைத் தங்கை கணினியில் ரீப்ளேஸ் செய்தால் அவள் பல வாரம் ஆடியது போயே போய்விடும். மாற்றுவதற்கு முன் அவளுடைய பழைய சேவ் ஃபைல்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

17. மொழியும் கூடுதல் பகுதிகளும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு கணினியிலும் கேமின் மொழி ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் ஆங்கிலமும் இன்னொன்றில் வேறு மொழியும் இருந்தால் குரல் ஃபைல்கள் மீண்டும் இறங்கும். அதுவே பல ஜிபி வரும். காசு கொடுத்து வாங்கிய டிஎல்சி ஒரு கணக்கில் மட்டும் இருந்தாலும் ஃபைல்கள் வேறுபடும். ஒருவர் பீட்டா பதிப்பில் இருந்தால் முதலில் அதிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப் மோட்கள் ஸ்டீம்ஆப்ஸுக்குள் ஒர்க்‌ஷாப் என்ற ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன. அவை வேண்டுமென்றால் அதையும் எடுங்கள். ஷேடர் கேஷ் மட்டும் வேண்டாம். அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி உருவாகிறது. அடுத்த கணினியில் பயன்படாது.

18. டிஸ்க்கையே கேம் நூலகமாக வைத்துக்கொள்ளுங்கள். காப்பி செய்யும் வேலையே இல்லாத வழி இது. ஸ்டீமின் ஸ்டோரேஜ் செட்டிங்கில் உங்கள் எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியை டிரைவாகச் சேருங்கள். வேகமான ஃபைபர் இணைப்புள்ள நண்பர் வீட்டுக்கு லேப்டாப்போடு போய், கேமை நேராக அந்த டிஸ்க்கிலேயே அப்டேட் செய்யுங்கள். வீட்டுக்கு வந்து மேசைக் கணினியில் செருகி, அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் சேர்த்தால் கேம் அங்கேயே ஓடும். இப்படிக் கையில் தூக்கிப் போகும் முறையை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். இணைய வசதி குறைந்த கியூபாவில் படம், தொடர், மென்பொருள் என்று சுமார் 1 டிபி அளவுக்கு எல் பாகேத்தே செமனால் என்ற வாராந்தரத் தொகுப்பு ஹார்டு டிஸ்க்குகளில்தான் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஹவானா இளைஞர்கள் ஒரு படி மேலே போய், வீட்டுக்கு வீடு கேபிளும் வைஃபை ஆன்டெனாவும் இழுத்து எஸ்நெட் என்ற தெரு நெட்வொர்க்கையே உருவாக்கி அதில் கேம் ஆடினார்கள்.

19. சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் காப்பி ஆமை வேகத்தில் போகும். 7-ஜிப் மென்பொருளில் கம்ப்ரஷன் அளவை ஸ்டோர் என்று வைத்து, மொத்த ஃபோல்டரையும் ஒரே ஃபைலாகக் கட்டுங்கள். சுருக்காமல் கட்டுவதால் சீக்கிரம் முடியும், காப்பியும் வேகமாகப் போகும். பென்டிரைவை ஃபார்மேட் செய்ய முடியாத நிலையில், 4 ஜிபிக்குள் அடங்கும் துண்டுகளாகப் பிரித்துக் கட்டவும் அதிலேயே வசதி உண்டு. இரண்டு கணினியின் டிஸ்க்கிலும் இதற்குக் கூடுதல் இடம் தேவைப்படும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் அல்லாத கேம்களுக்கு

20. எபிக் கேம்ஸ். இரண்டாவது கணினியில் முதலில் இன்ஸ்டால் தொடங்குங்கள். ஓரிரு சதவீதம் இறங்கியதும் நிறுத்தி, லாஞ்சரை முழுமையாக மூடுங்கள். இப்போது அங்கே உருவாகியிருக்கும் ஃபோல்டருக்குள் தலைமைக் கணினியின் கேம் ஃபைல்களைப் பேஸ்ட் செய்யுங்கள். லாஞ்சரைத் திறந்து ரெஸ்யூம் கொடுத்தால் இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்து, மிச்சத்தை மட்டும் இறக்கும்.

21. ஜிஓஜி, பேட்டில்.நெட். ஜிஓஜியில் வாங்கிய கேம்களுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தருகிறார்கள். பலவற்றுக்கு அப்டேட் பேட்ச்சும் தனி ஃபைலாகக் கிடைக்கும். ஒரு முறை இறக்கி டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் நெட்டே இல்லாத கணினியிலும் நிறுவலாம். மெதுவான நெட் உள்ளவர்களுக்கு இதைவிட வசதியான கடை இல்லை. பேட்டில்.நெட் கேம்களுக்கு, ஃபோல்டரை காப்பி செய்துவிட்டு, லாஞ்சரில் கேம் ஏற்கெனவே இருக்கிறது என்று இடத்தைக் காட்டும் தேர்வை அழுத்துங்கள். அது சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும்.

22. விண்டோஸ் அப்டேட்டையும் பகிருங்கள். கேமுக்கு மட்டும் மிச்சம் பிடித்துவிட்டு விண்டோஸை விட்டுவிடுகிறோம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி இருக்கிறது. அதில் லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் மட்டும் என்ற தேர்வை வையுங்கள். ஒரு கணினி இறக்கிய விண்டோஸ் அப்டேட்டையும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்களையும் மற்றது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் உள்ள கணினிகளுக்கும் கொடுக்கும் தேர்வு வேண்டாம். உங்கள் டேட்டா வெளியே போகும்.

23. கேம் கன்சோல்களுக்கும் வழி உண்டு. இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் செட்டிங்கில் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரைத் திறந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு கேமை மாற்றலாம். பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5-க்கு லேன் வழியாக மாற்றும் வசதி உள்ளது. நின்டெண்டோ ஸ்விட்ச்சில், அருகில் இருக்கும் இன்னொரு ஸ்விட்ச்சில் உள்ள அப்டேட்டை நெட் இல்லாமலேயே வாங்கிப் பதிப்பைச் சமமாக்கலாம். கேமின் மேல் பிளஸ் பட்டனை அழுத்தி, சாஃப்ட்வேர் அப்டேட் பகுதியில் பாருங்கள்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியவை

24. சரிபார்க்காமல் ஆடாதீர்கள். எந்த வழியில் மாற்றினாலும் முடிவில் ஸ்டீமின் பிராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதிக்குப் போய் வெரிஃபை கொடுங்கள். கெட்டுப்போன ஃபைல் இருந்தால் அதை மட்டும் மீண்டும் இறக்கிக்கொள்ளும். அப்டேட்ஸ் பகுதியில் பில்டு ஐடி என்று ஓர் எண் தெரியும். இரண்டு கணினியிலும் அது ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். டிஸ்க்கில் வைத்துப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்த எண்ணையும் தேதியையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடுங்கள். வாங்குகிறவருக்குப் பழசா புதுசா என்ற குழப்பம் வராது. காப்பி முடிந்ததும் சேஃப்லி ரிமூவ் கொடுத்த பிறகே டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

25. நம்பகமான கையிலிருந்து மட்டும் வாங்குங்கள். பல கணினிகளில் செருகி வரும் பென்டிரைவ் வைரஸையும் கூட்டி வரும். செருகியதும் ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் திறக்காதீர்கள். திருட்டுப் பதிப்பு கேம்களை இந்த வழியில் பரப்ப வேண்டாம். இங்கே சொன்னவை அவரவர் சொந்தக் கணக்கில் இருக்கும் கேமுக்கு ஃபைல்களைக் கொண்டுபோகும் வழிகள் மட்டுமே. வீட்டில் எல்லோருக்கும் தனித்தனியாக வாங்க முடியாவிட்டால் ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதியில் ஒரே வீட்டினர் 6 பேர்வரை சேர்ந்துகொண்டு, பகிர அனுமதியுள்ள கேம்களைப் பொதுவாக ஆடலாம். ஒரு பிரதிதான் இருக்கிறதென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும்.

பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள ஹாஸ்டலோ கேமிங் சென்டரோ நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேன்கேஷ் என்ற இலவச மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் பெரிய டிஸ்க்கோடு நிறுவுங்கள். ஸ்டீம் போன்ற தளங்களிலிருந்து முதல் கணினி இறக்கும்போது அது ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிற எல்லாக் கணினிக்கும் உள்ளிருந்தே கொடுக்கும். நிறுவுவதற்குக் கொஞ்சம் தொழில்நுட்ப அறிவு வேண்டும். தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு முறை அமைத்துவிட்டால் மாதா மாதம் மிச்சமாகும்.

வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் நெட் வேண்டும். படிக்கிற பிள்ளைக்கும், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும், வெளிநாட்டு மகனோடு பேசக் காத்திருக்கும் பாட்டிக்கும் அது ஒரே கம்பி வழியாகத்தான் வருகிறது. அதில் ஒரே ஃபைலை இரண்டு முறை இறக்குவது வீண். அடுத்த அப்டேட் வருவதற்குள் ஒரு கணினியைத் தலைமைக் கணினியாகத் தேர்ந்தெடுத்து, ஆறாவது குறிப்பில் சொன்ன தேர்வை எல்லாக் கணினிகளிலும் இன்றே திறந்து வையுங்கள்.